முகர் உப்பு: வீட்டில் தயாரிக்க, அளவோடு பயன்படுத்த

ஸ்மெல்லிங் சால்ட் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, பளு தூக்குகிறவர் மேடை ஏறும் முன் ஒரு குட்டிப் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய்த் தலையைச் சிலுப்பிக்கொள்ளும் காட்சிதான். தமிழில் முகர் உப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது அம்மோனியா வாயுவைச் சிறுகச் சிறுக வெளிவிடும் ஒரு உப்பு, அவ்வளவுதான். அந்த வாயு மூக்கின் உட்சவ்வில் பட்டதும் முக்கிளை நரம்பு சுரீரென்று விழித்துக்கொள்ளும். மூச்சு தானாக உள்ளே இழுபடும், இதயத் துடிப்பு ஏறும், கண்ணில் நீர் கோக்கும். சில நொடிகளுக்குத் தூக்கம் எங்கே போனதென்றே தெரியாது.

தயாரிப்பது எளிது. புதிதாகச் செய்கிறவர்கள் சொதப்பும் இடம் பெரும்பாலும் தண்ணீர்தான். கீழே வரும் நவச்சாரக் கலவை காய்ந்திருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும். நீர் பட்டால்தான் காரம் கிளம்பும். எத்தனை சொட்டு, எப்போது, அதன்பின் எவ்வளவு நேரம் மூடி வைத்தீர்கள் என்பதே பாட்டிலின் வீரியத்தைத் தீர்மானிக்கிறது. உப்பைக் கூட்டினால் வீரியம் கூடும் என்று நினைத்து அள்ளிப் போடுகிறவர்கள் கடைசியில் ஆபத்தை மட்டும்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

எந்த உப்பு

பழைய முகர் உப்பின் அடிப்படை அம்மோனியம் கார்பனேட். ஒரு காலத்தில் மான் கொம்பைக் காய்ச்சி வடித்து எடுத்ததால் மேலை நாடுகளில் அதற்கு மான்கொம்பு உப்பு என்றே பெயர் இருந்தது. இன்று ஆலைகளில் தயாராகிறது. புதிதாக இருக்கும்போது கெட்டியாக, ஓரளவு ஒளி ஊடுருவும் கட்டிகளாக இருக்கும். காற்றுப் படப்பட மேற்பரப்பு வெளுத்து, சுண்ணாம்பு பூத்ததுபோல மாவாக உதிரும். அந்த வெள்ளை மாவு பெரும்பாலும் அம்மோனியம் பைகார்பனேட். அதன் நெடி குறைவு. வாங்கிய கட்டி வெளுத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே இன்னும் உயிர் இருக்கலாம்.

அது கிடைக்காவிட்டால் பிஸ்கட் செய்கிறவர்கள் உப்ப வைக்கப் பயன்படுத்தும் பேக்கர்ஸ் அம்மோனியா போதும். உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இதன் எண் 503. பொட்டலத்தில் அம்மோனியம் பைகார்பனேட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல்முறை செய்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். நெடி மிதமாக இருக்கும், கை தவறினாலும் பெரிய சேதமில்லை.

மூன்றாவது வழி, நவச்சாரத்தையும் சலவைச் சோடாவையும் கலப்பது. ஈயம் பூசுகிறவர்கள் சூடான பாத்திரத்தில் தேய்க்கும் அதே நவச்சாரம்தான். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. தனியாக இருந்தால் இதற்கு வாசனையே கிடையாது. சோடாவும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும், சாதாரண உப்பு மிஞ்சும். தேவையானபோது தேவையான அளவு மட்டும் கலந்துகொள்ளலாம் என்பது இதன் வசதி.

நவச்சாரத்தோடு சுண்ணாம்பைக் கசக்கி முகரும் பழைய முறை ஒன்றும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு அம்மோனியாவை மொத்தமாக ஒரே மூச்சில் துரத்திவிடும். நீற்றாத சுண்ணாம்பாக இருந்தால் சூடும் சேரும். காஸ்டிக் சோடாவும் அப்படியே. வீடு துடைக்கும் அம்மோனியாக் கரைசலைப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வதும் வேண்டாம். அதில் சோப்பும் சாயமும் கலந்திருக்கும், தெறித்தால் கண்ணுக்குள் போவது திரவம்.

சலவைச் சோடாவில் ஒரு கணக்கு

நவச்சாரமும் சலவைச் சோடாவும் எடைக்கு எடை சமமாகப் போட்டால் சரியாக வினைபுரியும் என்பது உண்மை. 107 கிராம் நவச்சாரத்துக்கு 106 கிராம் சோடா. ஆனால் இந்தக் கணக்கு நீர் இல்லாத சோடாத் தூளுக்கு மட்டும்தான். பளபளவென்று கற்கண்டு மாதிரி இருக்கும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைப் போட்டால் சுமார் 2.7 மடங்கு எடை வேண்டும். அதைவிட, அதிலிருக்கும் தண்ணீரே வினையைத் தொடங்கிவிடும். ஆகவே படிகத்தை வாங்காதீர்கள், தூளை வாங்குங்கள்.

தூள் கிடைக்காவிட்டால் சமையல் சோடாவிலிருந்து செய்துகொள்ளலாம். 100 கிராம் சமையல் சோடாவை எஃகுத் தட்டிலோ கண்ணாடித் தட்டிலோ மெல்லிசாகப் பரப்பி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். அலுமினியத் தட்டு கூடாது, சோடா அதை அரித்துவிடும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஆறியதும் எடை போடுங்கள்: 63 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் முழுவதும் மாறிவிட்டது. 75 காட்டினால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் சமையல் சோடாதான், மறுபடி உள்ளே வையுங்கள். நிறம் மாறாது, தோற்றமும் அப்படியே இருக்கும். தராசைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மாறாத சமையல் சோடாவைக் கலந்துவிட்டு நெடியே வரவில்லையே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவது புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு.

தேவையான சாமான்கள்

30 மில்லி கண்ணாடிப் பாட்டில் ஒன்று, வாய் சிறிதாக இருக்கட்டும். மூடி பிளாஸ்டிக்கில், உட்புறம் மிருதுவான பிளாஸ்டிக் அடைப்பு உள்ளதாக. பித்தளை, செம்பு, வெள்ளி மூடிகள் அழகாக இருக்கும், ஆனால் அம்மோனியா அவற்றைத் தின்றுவிடும். சில நாளில் மூடியின் உள்ளே நீலப்பச்சையாகப் பூத்துக் கிடக்கும். ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர் மூடியும் வேண்டாம், ரப்பர் நைந்து காற்றுக் கசியும்.

0.1 கிராம்வரை காட்டும் சின்ன மின்தராசு, பீங்கான் அல்லது கண்ணாடிக் குழவியும் கல்வமும், சொட்டு விடத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டிராப்பர், பஞ்சு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. தேக்கரண்டி அளவை நம்ப வேண்டாம். நவச்சாரமும் சோடாவும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது.

வாசனைக்கு லாவெண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சைத் தோல் எண்ணெய் எதுவும் ஆகும். இது அலங்காரம்தான், விழிக்க வைப்பது அம்மோனியா. இருந்தாலும் மிதமான லாவெண்டர் வாசம் முதல் நெடியின் கரடுமுரடைக் கொஞ்சம் மழுப்பும்.

நவச்சாரக் கலவை, படிப்படியாக

1. ஜன்னல் திறந்த இடம், முடிந்தால் வெளித் திண்ணை. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும், முகத்துக்கு நேராக அல்ல.

2. நவச்சாரத்தைத் தனியாக, சோடாவைத் தனியாகப் பொடியுங்கள். இரண்டையும் ஒரே கல்வத்தில் போட்டு அரைக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரமே போதும், அரைக்க அரைக்க நெடி கிளம்பி முகத்தில் அடிக்கும். நடுவில் கல்வத்தைக் கழுவினால் நன்றாகத் துடைத்துக் காய வைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

3. ஒவ்வொன்றிலும் 3 கிராம் எடுத்துக் காய்ந்த பாட்டிலில் போட்டு, மூடி, குலுக்குங்கள். 30 மில்லிப் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் தெரியும். போதும். மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் வாயு சேர்ந்து நிற்க வேண்டும்.

4. சிறு பஞ்சு உருண்டையைத் தளர்வாக உள்ளே தள்ளி, தூளின் மேல் உட்கார வையுங்கள். பாட்டிலைச் சாய்த்தால் தூளோ ஈரமோ மூக்கில் தெறிக்காமல் காப்பது இதுதான். இறுக்கி அடைத்துவிட்டால் வாயுவும் வராது.

5. எண்ணெய் வேண்டுமென்றால் பஞ்சின் மேல் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. தூளில் விட்டால் எண்ணெய் அதன்மேல் படலமாகப் படிந்து நீரை உள்ளே விடாது. பாட்டிலைத் திறந்தால் லாவெண்டர் தோட்டம் மட்டும் மணக்கும்.

6. பஞ்சை ஒரு குச்சியால் ஒதுக்கிப் பாட்டிலின் ஓரமாக 3 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடுங்கள். பத்து நிமிடம் தொடாதீர்கள்.

இந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். நீர் இல்லாத சோடாத் தூள் முதல் சொட்டுகளைத் தானே குடித்துக்கொள்ளும். உடனே திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பொறுமை இழந்து இன்னும் பத்துச் சொட்டு விடுவீர்கள். அதன்பின் மூடியைத் திறக்கும்போது கால் மணி நேரம் சேர்ந்த வாயு மொத்தமும் ஒரே அடியாக வரும். பத்து நிமிடம் கழித்தும் நெடி மெலிதாக இருந்தால் ஒரே ஒரு சொட்டு கூட்டி, மறுபடியும் காத்திருங்கள். 6 கிராம் தூளுக்கு மொத்தம் 8 சொட்டைத் தாண்டத் தேவை அநேகமாக வராது. சேறு மாதிரி ஆகிவிட்டால் ஒரு பகுதி அம்மோனியா நீரிலேயே கரைந்து தங்கும், பாட்டிலும் சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

7. சோதிப்பது கையை முழுக்க நீட்டி. மூடியைத் திறந்து, பாட்டில் வாய்க்கு மேலே மறு கையால் விசிறி முகர்ந்து பாருங்கள். நேராக மூக்கை வைத்துப் பார்க்காதீர்கள், ஒருமுறைகூட.

8. பாட்டிலில் பெயர், தேதி, "அம்மோனியா, குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். வாசனை எண்ணெய்ப் பாட்டில் என்று நினைத்து யாரும் கையில் ஊற்றிவிடக் கூடாது.

பேக்கர்ஸ் அம்மோனியாவில் செய்தால் இவ்வளவு நிதானம் தேவையில்லை. 5 கிராம் தூள், மேலே பஞ்சு, எண்ணெய், அவ்வளவுதான்; சும்மாவே மெதுவாக வாயு விடும். மந்தமாகத் தோன்றினால் 1 கிராம் சோடாத் தூளும் 2 சொட்டு நீரும் சேருங்கள். இந்த உப்பு 36 டிகிரிக்கு மேல் வேகமாகச் சிதையும். அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வரும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தால் மூடி டப்பென்று தெறிக்க வாய்ப்பு உண்டு.

ஏன் இவ்வளவு குறைவாகப் போடச் சொல்கிறோம்

5 கிராம் பேக்கர்ஸ் அம்மோனியா முழுவதும் சிதைந்தால் சுமார் 1 கிராம் அம்மோனியா வாயு வரும். 30 கன மீட்டர் கொண்ட ஒரு சிறிய அறையில், கதவை அடைத்துக்கொண்டு அத்தனையும் கலந்துவிட்டால் காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு அளவில் நிற்கும். வேலையிடங்களில் குறுகிய நேரத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் (பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம்) பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 35. அதே பாட்டில் மூடிய காருக்குள் கவிழ்ந்தால்? காரின் உட்புறம் 3 கன மீட்டர் என்று வைத்தால் கணக்கு 500-ஐத் தொடுகிறது. உடனடி ஆபத்து என்று அதே நிறுவனம் குறிக்கும் அளவு 300. அத்தனையும் ஒரே நேரத்தில் வெளிவராது என்பது வேறு விஷயம். ஆனால் 50 கிராம் அடைத்த பாட்டில் ஏன் வீட்டில் இருக்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காரில் இதை எப்போதும் வைக்காதீர்கள்.

பயன்படுத்தும் விதம்

உட்கார்ந்துகொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். மூடியை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்துத் திறந்து, ஒரு நொடி சேர்ந்த வாயு போகட்டும். முதல் தடவை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மூக்குக்குக் கீழே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்துங்கள். பழகிய பிறகும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு உள்ளே வர வேண்டாம். ஒன்றிரண்டு நொடிதான். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, உடலே இழுக்கும். எரிச்சல் மூக்கோடு நின்றால் சரி. தொண்டையும் நெஞ்சும் எரிந்தால் பாட்டில் மிகக் கிட்டே வந்துவிட்டது.

திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். காரம் போய்விட்டது என்று தோன்றும். போனது உங்கள் உணர்வுதான். சவ்வை அரிக்கும் வேலை அப்படியேதான் நடந்துகொண்டிருக்கும். கிட்டே கொண்டுபோவதும் சொட்டு கூட்டுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு நாளில் ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பளு தூக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வலிமையை அளந்து பார்த்த சில ஆய்வுகளில் துடிப்பு ஏறியது, தூக்கிய எடை ஏறவில்லை. விழிப்பு வரும், தசை வராது. விற்பனைக்கு வரும் பாட்டில்கள் பற்றியும் எச்சரிக்கைகள் உண்டு. ஊக்கத்துக்கு என்று விற்கப்படும் அங்கீகாரமில்லாத அம்மோனியா முகர்வான்களைத் தவிர்க்கும்படி 2024-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. மூச்சுத் திணறல், வலிப்பு, ஒற்றைத் தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் வந்த புகார்களில் இருந்தன. 2025-இல் அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக், அணிகள் தங்கள் வீரர்களுக்கு இதை வழங்கக் கூடாது என்று தடுத்தது.

தலையில் அடிபட்டவருக்கு இதைக் காட்டவே கூடாது. நெடி பட்டதும் தலை வெடுக்கென்று பின்னால் போகும். கழுத்தெலும்பில் காயம் இருந்தால் அந்த ஒரு அசைவே போதும். மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளையும் அது சிறிது நேரம் மறைத்துவிடும், ஆளும் தெளிந்துவிட்டதுபோல எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆஸ்துமா, நுரையீரல் நோய், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இதன் பக்கம் வர வேண்டாம்.

மயங்கி விழுந்தவருக்கு? பழைய கதைகளில் நாயகி மயங்கியதும் யாராவது பாட்டிலோடு ஓடி வருவார்கள். நிஜத்தில் சாதாரண மயக்கம் என்பது மூளைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குறைந்ததுதான்; படுக்க வைத்தாலே பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து, காலைச் சற்றுத் தூக்கி, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் எழாவிட்டாலோ, மூச்சு சரியில்லாவிட்டாலோ, நெஞ்சு வலி, வலிப்பு இருந்தாலோ அவசர உதவியை அழையுங்கள். கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவரே முன்கூட்டிச் சொன்னால் உட்காரவோ படுக்கவோ வைத்து, காலைக் கால்மேல் பின்னி இறுக்கச் சொல்லுங்கள், கைவிரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லுங்கள். முகர் உப்பைவிட உதவுவது அதுதான்.

கோளாறுகள்

மூடி திறக்கவில்லையா? மரையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வாயு திரும்ப உறைந்து ஒட்டியது அது. வெந்நீரில் காட்டிவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறும். ஈரத் துணியால் குளிர்ந்த நீரில் துடைத்துச் சில நிமிடம் விட்டால் கரைந்துவிடும். இனி மூடும்போது வாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.

தூள் கட்டியாகிப்போனால் நீர் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. குச்சியால் கிளறலாம், முகத்தை விலக்கிக்கொண்டு. முதலில் காரமாக இருந்து இரண்டு நாளில் செத்துவிட்டால் மூடி கசிகிறது. உப்பைப் பழிக்க வேண்டாம்.

கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டு, பிறகு மருத்துவரிடம் போங்கள். தோலில் பட்டால் தண்ணீர் போதும். மூச்சு அடைப்பதுபோல் இருந்தால் முதலில் வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே மருத்துவமனைதான்.

வைப்பதும் கொட்டுவதும்

குளிர்ந்த, இருண்ட அலமாரி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம், பாட்டில் நிமிர்ந்த நிலையில். நவச்சாரத்தையும் சோடாவையும் கலக்காமல் தனித்தனி டப்பாவில் காய்ந்தபடி வைத்திருந்தால் வருடக்கணக்கில் கெடாது. நீர் சொட்டிய பாட்டில் சில வாரம் வரும். எத்தனை முறை திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஓய்ந்துபோன பாட்டிலில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எழவில்லையென்றால் முடிந்தது. திறந்த வெளியில் வைத்து ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கரைத்து, கொஞ்சம் வினிகர் விட்டால் மிச்ச நெடியும் அடங்கும். பொங்கும், பயப்பட வேண்டாம், சோடாவும் வினிகரும் சேர்ந்த நுரை அது. பிறகு சாக்கடையில் ஊற்றலாம். அதே சாக்கடையில் அன்றைக்கு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ ஊற்றியிருந்தால் மட்டும் இதை அங்கே ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் குளோரமைன் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். முகர் உப்பு பாட்டிலை பிளீச் போட்டுக் கழுவுவதும் அதே தப்புதான்; வெறும் தண்ணீர் போதும்.